கணினிக் கூடத்துக்குப் பூட்டு, கைத்தொலைபேசிக்கு ஓய்வில்லை

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி எழும்பும் வழக்கு ஒன்று உண்டு. "பிள்ளையள் ஏற்கெனவே போனுக்குள்ளதான் கிடக்குதுகள், பள்ளிக்கூடத்திலயும் கொம்பியூற்றரோ?" என்று ஒரு தரப்பு. "கொழும்புப் பிள்ளையள் ஆறாம் வகுப்பிலேயே புரோகிராம் எழுதுதுகள், எங்கடையள் மவுஸ் பிடிக்கத் தெரியாமல் கம்பஸுக்குப் போகுதுகள்" என்று மற்றத் தரப்பு. அதிபர் நடுவில் நின்று இரண்டுக்கும் தலையாட்டுவார். கூட்டம் தேநீரோடு முடியும்.

இரு தரப்பும் வேறு வேறு பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முதலாமவருக்கு வயிற்றெரிச்சல் தருவது இரவு பத்து மணிக்குப் போர்வைக்குள் ஒளிரும் போன். இரண்டாமவருக்குக் கவலை தருவது பூட்டிக் கிடக்கும் கணினிக் கூடம். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டிப் பிள்ளைக்கு எத்தனை மணித்தியாலம் என்று பேரம் பேசினால் விடை வரப்போவதில்லை. எங்கள் கருத்து இதுதான்: பாடசாலையில் பிள்ளைக்குக் கணினி போதாது, வீட்டில் போன் மிஞ்சிப்போகிறது, அந்த மிச்சத்தில் ஒரு பங்கைப் பாடசாலையே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது.

முதலில் பாடசாலைக் கணக்கைப் பார்ப்போம். 40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பு, 20 கணினிகள் உள்ள ஒரு கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதில் பதின்மூன்றோ பதினான்கோ எழும்பும். ஆகவே ஒரு கணினிக்கு மூன்று பேர். பாடவேளை 40 நிமிடம். வகுப்பறையிலிருந்து வரிசையில் வந்து, சப்பாத்துக் கழற்றி, இடம் பிடித்து உட்கார 6 நிமிடம். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி எழும்ப 5 நிமிடம். கடைசியில் நிறுத்தி, கதிரை ஒழுங்குபடுத்தி வெளியேற 4 நிமிடம். மிஞ்சும் 25 நிமிடத்தை மூன்றால் பிரித்தால் தலைக்கு 8 நிமிடம். கிழமைக்கு ஒரு தடவை என்றால், தவணைப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, விடுமுறை எல்லாம் கழித்து 30 கிழமை கிடைத்தாலே பெரிய காரியம். ஆண்டுக்கு 4 மணித்தியாலம். இந்த 4 மணித்தியாலம்தான் பிள்ளையின் கண்ணைக் கெடுக்கிறது என்று எந்தப் பெற்றோரும் அஞ்சத் தேவையில்லை. உண்மையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக எட்டு நிமிடம் கிடைப்பதும் இல்லை. வீட்டில் மடிகணினி உள்ள பிள்ளை மவுஸைப் பிடிக்கும். மற்ற இருவரும் எட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அந்த இருவரில் ஒருவராவது பெண்பிள்ளை.

இதற்குக் காசு செலவில்லாத வைத்தியங்கள் உண்டு. பாடவேளை தொடங்க முன்னரே இரண்டு பிள்ளைகளை அனுப்பி எல்லாக் கணினிகளையும் எழுப்பிவைத்தால் ஐந்து நிமிடம் மிச்சம். மூவர் இருக்கும் இடத்தில் ஒருவர் கீபோட்டில், ஒருவர் பாடநூலை வாசித்து வழிசொல்ல, மூன்றாமவர் கொப்பியில் வேலையின் படிகளைக் காட்டும் பாய்ச்சற்கோட்டுப் படம் வரைய வேண்டும். ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை மணியடித்து இடம் மாற்ற வேண்டும். மணியடிக்காமல் "மாறி மாறிச் செய்யுங்கோ" என்று சொன்னால் ஒருவரும் மாறமாட்டார்கள். பாடசாலை விட்ட பிறகு கிழமையில் இரண்டு நாள் ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை கூடத்தைத் திறந்துவைக்கலாம். மேற்பார்வைக்கு உயர்தர மாணவர் இருவரும் முறைவைத்து வரும் ஒரு பெற்றோரும் போதும். இந்தப் பேச்சை எடுத்தவுடன் ரியூசன் நேரம் குறுக்கே வரும் என்பது தெரியும். இரண்டரைக்குத் தொடங்கும் ரியூசன் மூன்றரைக்குத் தொடங்கினால் யாழ்ப்பாணம் தாழ்ந்துவிடாது.

கூடம் பூட்டிக் கிடப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைக் கூட்டங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தின் பொதுப் பரீட்சை முழுவதும் எழுத்துப் பரீட்சை. முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்கள், இரண்டாம் பத்திரம் அமைப்புக் கட்டுரை. பஸ்கால் மொழியில் செய்நிரலைக்கூடத் தாளில்தான் எழுத வேண்டும். கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்த பிள்ளை கீபோட்டைத் தொடாமலே 'ஏ' எடுக்கலாம், எடுக்கிறது. பெறுபேற்றை வைத்து ஆசிரியரை அளக்கும் ஊரில், கூடத்துக்குப் போய்வரும் நேரத்தில் இன்னும் இரண்டு வினாத்தாள் செய்விக்கலாமே என்று ஆசிரியர் நினைப்பதை எப்படிக் குறை சொல்வது? பொதுப் பரீட்சையை நாங்கள் மாற்ற முடியாது. ஆனால் தவணைப் பரீட்சையும் பாடசாலைமட்டக் கணிப்பீடும் பாடசாலையின், வலயத்தின் கையில் இருக்கின்றன. தரம் 6 முதல் 9 வரை தவணைப் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கைக் கணினியின் முன்னிருந்து செய்து காட்டுவதற்கு ஒதுக்கினால் பூட்டுத் தானாகத் திறக்கும்.

"சுவீடனே புத்தகத்துக்குத் திரும்பிவிட்டது, நாங்கள் ஏன் கணினிக்குப் போகவேணும்?" என்பது படித்த பெற்றோர் இப்போது எடுத்துவரும் வாதம். 2023இல் சுவீடன் அரசு அச்சிட்ட பாடநூல்களுக்குப் பணம் ஒதுக்கி, சிறு வகுப்புகளில் திரையைக் குறைக்கத் தீர்மானித்தது உண்மை. ஆனால் அங்கே பிள்ளைக்கு ஒரு மடிகணினி அல்லது ரப்லெற் என்று கொடுத்துப் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்த பிறகுதான் அந்தத் தீர்மானம் வந்தது. மூன்று பேருக்கு ஒரு மவுஸ் வைத்திருக்கும் நாங்கள் எதிலிருந்து திரும்புவது? அவுஸ்திரேலியா 2025 டிசெம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுத்தது. அதுவும் கணினிப் பாடத்தைத் தடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியை மேற்கோள் காட்டுபவர்கள், அது 5 வயதுக்குக் குறைந்தோருக்கானது என்பதைக் கவனிக்க வேண்டும்: இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு வயதுக்குக் கீழ் அறவே வேண்டாம். பாடசாலை வயதினருக்கு அந்த நிறுவனம் மணிக்கணக்கு எதுவும் வைக்கவில்லை. பொழுதுபோக்குத் திரையைக் குறையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

இனி, பாடசாலை வீட்டுக்கு அனுப்பும் திரை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப் குழுக்கள் தொடங்கின. அன்று வேறு வழியிருக்கவில்லை. பாடசாலைகள் திறந்து இவ்வளவு காலமான பின்னும் குழுக்கள் கலையவில்லை. பாடவேளையில் எழுதி முடிக்காத குறிப்பை ஆசிரியர் படம் பிடித்து இரவு எட்டரைக்குப் போடுகிறார். அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாயின் போன் பிள்ளையின் கைக்கு மாறுகிறது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் எழுத்து மங்கல். பிள்ளை இரண்டு விரலால் பெருப்பித்து, நகர்த்தி, ஒரு வரி பார்த்துக் கொப்பியில் ஒரு வரி எழுதுகிறது. கண்ணுக்கும் போனுக்கும் இடையே ஒரு சாண்தான் இருக்கும். ஒரு பக்கக் குறிப்பை இப்படிப் பார்த்தெழுத முக்கால் மணித்தியாலம் போகும். இடையில் மேலிருந்து ஓர் அறிவித்தல் விழும். அதைத் தொட்டால் யூரியூப், அங்கிருந்து குறுங்காணொளி. "என்ன செய்யிறாய்?" என்று கேட்டால் "சேர் நோட்ஸ் போட்டிருக்கிறார்" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு எந்தத் தாயிடமும் மறுமொழி கிடையாது.

ஆகவே பெற்றோர் கூட்டத்தில் முதற் தீர்மானமாக இதை எடுங்கள்: பார்த்தெழுதும் குறிப்புக் குழுவில் வரக் கூடாது. வகுப்பில் எழுதி முடியாததை மறுநாள் வகுப்பில் எழுதலாம், அல்லது ஒரு போட்டோகொப்பி கொடுக்கலாம். வகுப்பு முழுவதற்கும் ஒரு பக்கம் பிரதியெடுக்கும் செலவு, நாற்பது வீட்டில் எரியும் டேட்டாவை விடக் குறைவாகத்தான் இருக்கும். குழுவில் அறிவித்தல் மட்டும் வரட்டும். அதற்கு, குழுவின் பெயரைத் தொட்டு அமைப்புகளுக்குள் போய், செய்தி அனுப்பும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்ற வேண்டும். "நன்றி சேர்", கைகூப்பும் படங்கள், காலை வணக்கப் பூக்கள் எல்லாம் அன்றோடு நிற்கும். மாலை ஆறு மணிக்குப் பிறகு எதுவும் போடுவதில்லை என்று ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். படம் அனுப்பியே தீர வேண்டிய இடத்தில் அதைப் புகைப்படமாக அனுப்பாமல், இணைப்புப் பகுதியில் ஆவணம் என்பதைத் தெரிந்து அனுப்பினால் சுருங்காது. கூகுள் டிரைவ் செயலியிலேயே தாளை ஸ்கான் செய்து பீடிஎப் ஆக்கும் வசதி இருக்கிறது. நிழல் விழுந்த படத்தை விட அது எத்தனையோ மேல்.

வீட்டுப் பக்கத்துக்கு ஒரு சிறு வித்தை. அன்ட்ரொயிட் போன்களில் ஒரு செயலியை மட்டும் 'பின்' பண்ணிக் கொடுக்கும் வசதி உண்டு. அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குள் போய்ச் செயலியைப் பின் செய்வதை இயக்குங்கள். விடுவிக்கும்போது கடவு இலக்கம் கேட்கும்படியும் வையுங்கள். பிறகு வட்ஸ்அப்பைத் திறந்து, அண்மைய செயலிகள் தெரியும் திரைக்கு வந்து, அந்தச் செயலியின் சின்னத்தைத் தொட்டுப் பின் என்பதைத் தெரியுங்கள். கடவு இலக்கம் தெரியாத பிள்ளையால் அதைவிட்டு வேறெங்கும் போக முடியாது. ஐபோனில் இதே வேலையைச் செய்வது வழிகாட்டப்பட்ட அணுகல். பக்கப் பொத்தானை மும்முறை அழுத்தித் தொடங்கலாம். பிள்ளைக்கென்று தனிப் போன் இருந்தால் கூகுளின் பமிலி லிங்கில் படுக்கை நேரத்தைக் குறித்துவைக்கலாம். ஆனால் கணக்குத் திறக்கும்போது பிள்ளையின் வயதைக் கூட்டிப் போட்டால் அந்தக் கட்டுப்பாடு சரியாக வேலைசெய்யாது. எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளைகளின் கணக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை வளர்ந்தவர்களாகத்தான் பதியப்பட்டிருக்கும் என்பது எங்கள் ஊகம். யூரியூப்பில் அடுத்த காணொளி தானாக ஓடுவதை நிறுத்துவதும், வட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தானாக இறங்குவதை நிறுத்துவதும் ஆளுக்கு ஒரு நிமிட வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, போன் சார்ச் போடும் பிளக் பிள்ளையின் அறையில் இருக்கக் கூடாது. குசினியில் இருக்கட்டும்.

கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. கண் கெடுவதற்குத் திரையின் வெளிச்சத்தை விடக் கிட்டப் பார்ப்பதும் வெயில் படாமல் வளர்வதும்தான் பெரிய காரணம். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று விற்பதற்குக் காசைக் கொட்டாதீர்கள். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, கண் களைப்பைக் குறைப்பதில் அது சாதாரணக் கண்ணாடியை விட மேலானது என்று காட்டச் சான்று கிடைக்கவில்லை என்றே முடித்தது. தாய்வான் 2010 முதல் பாடசாலைப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் விடும் திட்டத்தை நடத்துகிறது. கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடத்தான் அது. எங்களிடம் வெயிலுக்கா பஞ்சம்? உச்சி வெயிலில் நிற்க வேண்டியதில்லை, வேப்பமர நிழலிலேயே வகுப்பறையைப் போலப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. ஆனால் ஏழரையிலிருந்து ஒன்றரை வரை வகுப்பறை, இரண்டரையிலிருந்து ஆறு வரை ரியூசன் கொட்டில், பிறகு போன் என்று நாளைக் கட்டிவைத்தால் கண்ணுக்கு எந்த வழியும் இல்லை. தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண்ணையும் பார்ப்பார்கள். அன்று பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள்.

கணினிக் கூடத்துக்குள் கண்ணுக்கு வேண்டியது எளிது. மொனிற்றர் முகத்திலிருந்து ஒரு கை நீளத்தில், 50 முதல் 70 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பு பிள்ளையின் கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே. யன்னல் திரைக்கு நேர் பின்னாலும் கூடாது, பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலும் கூடாது; பக்கவாட்டில் இருக்கட்டும். ஏசி பூட்டிய சில கூடங்களில் யன்னல் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டி இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள். இருட்டறையில் பளிச்சென்ற திரைதான் கண்ணை அதிகம் களைப்பிக்கும். ஒரு கொப்பியின் வெள்ளைப் பக்கத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாய் இருந்தால் சரி. மேசைகளை மூன்று சுவரோரமாகப் போட்டுத் திரைகள் எல்லாம் அறையின் நடுவைப் பார்க்கும்படி வைத்தால் ஆசிரியர் நடுவில் நின்று ஒவ்வொரு திரையையும் காணலாம். எந்த வடிகட்டி மென்பொருளை விடவும் இது பயன்தரும்.

சப்பாத்துக் கழற்றச் சொல்வதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வெறுங்காலுடன் ரைல் தரையில் நிற்கும் பிள்ளை கணினிப் பெட்டியின் தகரத்தைத் தொட்டுவிட்டு "சேர், கரண்ட் அடிக்குது" என்று சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். பவர் சப்ளையில் உள்ள வடிகட்டியிலிருந்து சிறிதளவு மின் எப்போதும் பெட்டியின் உடலுக்குக் கசியும். எர்த் வயர் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பிள்ளையின் வழியாகப் போகும். இரண்டு முள் மாற்றியைப் போட்டுப் பிளக்கைச் சொருகுவதும், மலிவான எக்ஸ்ரென்சன்களை ஒன்றோடொன்று கோப்பதும் வழமையான காரணங்கள். எங்கள் மண்ணில் வைகாசி தொடங்கி ஆவணி வரை நிலம் காய்ந்துபோவதால் எர்த் கம்பியைச் சுற்றிய ஈரமும் போய்விடும். அந்த மாதங்களில் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது மூடநம்பிக்கை அல்ல. மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மின்னியலாளரைக் கூப்பிடும்வரை கூடத்தைத் திறக்க வேண்டாம்.

எழும்பாத கணினிகளில் பாதிக்கு மேல் செத்தவை அல்ல. மழைக்கால விடுமுறை முடிந்து தை மாதம் திறக்கும்போது மூன்று நாலு கணினி 'பீப்' என்று கத்திவிட்டுப் படம் காட்டாமல் நிற்கும். ஈரத்திலும் உப்புக் காற்றிலும் ராம் எனும் நினைவகப் பலகையின் தங்கநிற முனைகளில் படலம் பிடித்ததுதான் காரணம். பருத்தித்துறை, காரைநகர், தீவகப் பக்கத்தில் இது இன்னும் அதிகம். பிளக்கைக் கழற்றிவிட்டு ராமை எடுத்து, பென்சில் அழிறப்பரால் முனைகளை மெல்லத் தேய்த்து, தூளை ஊதித் துடைத்துத் திரும்பப் பூட்டினால் பெரும்பாலும் எழும்பும். கணினி எழும்புகிறது, ஆனால் எந்த இணையத்தளமும் திறக்கவில்லை என்றால் முதலில் திகதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள 2032 இலக்கப் பொத்தான் பற்றரி இறங்கினால் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று கணினி நினைத்துக் கதவைச் சாத்தும். ரவுட்டரைக் குறை சொல்லி ஆள் கூப்பிடுவார்கள். தேவை ஒரு சிறு பற்றரிதான். புழுதி ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், சுழலவிட்டால் அதன் அச்சுக் கெடும். பின்பக்கத்தில் கழற்றிய தகட்டின் ஓட்டையை வெறுமனே விடாதீர்கள். பல்லி உள்ளே போவது அந்த வழியால்தான், போனால் தாய்ப்பலகையோடு சேர்ந்துதான் வரும்.

மின் போனாலும் கணினியைச் சற்று நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் பெட்டியின் பற்றரிகள் பெரும்பாலும் 12 வோல்ற், 7 அம்பியர் மணி. எங்கள் வெக்கைக்கு இரண்டு, மூன்று ஆண்டு. நீண்ட விடுமுறையில் சார்ச் இல்லாமல் விட்டால் ஒரே மாதத்திலும் சாகும், ஆகவே கிழமைக்கு ஒரு நாள் யாராவது திறந்து எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் ஓடவிட வேண்டும். ஈரத்துக்கும் அதுவே மருந்து. லேசர் பிரின்ரரை யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள், அது சூடேறும்போது இழுக்கும் மின்னை அந்தச் சிறு பெட்டி தாங்காது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் பின்னேரங்களில் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். இடி அந்த வழியாகத்தான் வந்து ரவுட்டரையும் கணினியின் வலையமைப்புத் துறையையும் சேர்த்து எரிக்கும்.

வேகத்துக்கு வருவோம். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜீபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் போட்டு, ராமை 8 ஜீபி ஆக்கினால் ஐந்து நிமிடத்தில் எழும்பியது அரை நிமிடத்தில் எழும்பும். புதுக் கணினி ஒன்றின் விலையில் பல கணினிகளுக்கு இப்படிச் செய்யலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றுவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை விண்டோஸ் 11 ஏற்காது. அதற்காக அவற்றைக் கழிக்க வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவினால் 4 ஜீபியிலேயே ஓடும். பாடத்திட்டத்தில் உள்ள சொல் முறைவழிப்படுத்தலும் விரிதாளும் நிகழ்த்துகையும் தரவுத்தளமும் லிபர் ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் இருக்கின்றன. கீழ் வகுப்புகளுக்கு ஸ்கிராட்ச், சாதாரண தரத்துக்குப் பிரீ பஸ்கால், உயர்தரத்துக்குப் பைதன் எல்லாமே இலவசம், இணையமும் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு நிர்வாகிக் கணக்கைக் கொடுக்காமல் சாதாரணக் கணக்கைக் கொடுத்தால் மாதத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்து மீள நிறுவும் வேலை இல்லாமற் போகும்.

கூடத்தில் என்ன படிப்பிப்பது என்று எங்களைக் கேட்டால், முதலில் தமிழில் தட்டச்சு என்போம். இன்றும் பல பாடசாலைகளில் பாமினி எழுத்துருதான். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். அந்த எழுத்துரு இல்லாத போனுக்கு அனுப்பியவுடன் வேடம் கலையும். தேடினாலும் அகப்படாது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிக்கோட்டில் அடித்தது எங்கே போனாலும் தமிழாகவே நிற்கும். பாமினி விசை ஒழுங்கு கையில் ஊறிய ஆசிரியர்கள் அதை மறக்கவும் தேவையில்லை. இ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்களில் அதே ஒழுங்கில் அடித்து யூனிக்கோட் பெறலாம். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரநிலையில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையையோ தமிழ்99ஐயோ பழக்கலாம். எதுவென்றாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு ஆசிரியர் மாற்றாதீர்கள்.

இணையம் இல்லை என்பதும் கூடத்தைப் பூட்டக் காரணமாகாது. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு 32 ஜீபி பென்டிரைவில் கொண்டுவந்து எல்லாக் கணினியிலும் போடலாம். 2003இல் அந்தக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கிக் கட்டியெழுப்பியதில் முன்னின்றவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் என்பது இங்குள்ள எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? இணையம் உள்ள கூடத்தில் 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்தைத் திறந்து, தங்கள் ஊர்ப் பெயரைத் தேடச் சொல்லுங்கள். பழைய பாடசாலை மலர்களும் பத்திரிகைகளும் வரும். வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு பாடவேளை அப்படிப் போனால் யாரும் நேரம் வீண் என்று சொல்லமாட்டார்கள்.

கடைசியாக, புலம்பெயர்ந்த பழைய மாணவர்களுக்கு. நீங்கள் அனுப்பும் ரப்லெற்றுகள் நாடா வெட்டிய மறுநாள் அலுமாரிக்குப் போகின்றன. சார்ச் முற்றாக இறங்கிய நிலையில் ஓராண்டு கிடந்தால் பற்றரி ஊதித் திரையைத் தள்ளிவிடும். வைத்திருப்பதென்றால் பாதி சார்ச்சில் வைத்து மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். இருபது ரப்லெற்றுக்குரிய காசில் இருபது எஸ்எஸ்டியும் யூபிஎஸ் பற்றரிகளும் வாங்கி, மிச்சத்தைத் தவணைக்கு ஒரு தடவை வந்து பார்க்கும் திருத்துனருக்கென்று வைப்பிலிடுங்கள். நன்றிப் பலகையில் உங்கள் பெயரை எழுத எஸ்எஸ்டியில் இடம் குறைவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பாவித்த கருவிகளை அனுப்புவதென்றால், ரப்லெற்றில் பழைய கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே அழித்து அனுப்புங்கள்; இல்லாவிட்டால் இங்கே அது அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அலுவலக மடிகணினியென்றால் கணினி எழும்பும்போதே கேட்கும் பயோஸ் கடவுச்சொல்லை நீக்குங்கள். கனடாவிலிருந்து பெட்டிக் கணினி வந்தால், செருக முன்னர் பின்பக்கத்தில் பவர் சப்ளைக்குப் பக்கத்திலுள்ள சிறு சிவப்புச் சுவிச்சைப் பாருங்கள். அது 115 என்ற பக்கத்தில் இருக்கும். 230க்குத் தள்ளாமல் இங்குள்ள பிளக்கில் சொருகினால் வெடிச்சத்தம் கேட்கும், புகை வரும், அந்தக் கணினியின் யாழ்ப்பாண வாழ்க்கை அத்தோடு முடியும். சுவிச்சே இல்லாத பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லாமல் சொருகலாம்.

இப்படிக்கு,
தகவல் தொழினுட்பப் பாட ஆசிரியர்களும் கணினித் திருத்துனர்களும் சிலர்,
யாழ்ப்பாணம்.